இல்லையென்று சொன்ன பிரேக் கட்டை

பாசத்துக்குரிய ராசு மாப்ள,

ஊர் முன்னால் உன்னை ‘வாங்க மாப்பிள்ளை’ என்பேன், ஆள் இல்லாதபோது ‘வாடா’ என்பேன். என் தங்கச்சி சாந்தியை நீ கட்டிக்கொண்ட பிறகும் அது மாறவில்லை. இப்போதும் ‘நீ’ என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நியாலாஸ் பக்கம் நம் தோட்டத்தில் இப்போது சைக்கிள் ஓட்டுகிறவன் நான் ஒருவன்தான். மற்ற எல்லாரும் மோட்டார். ஜாசின் டவுனில் சைக்கிள் சாமான் விற்ற சீனக் கிழவர் கடையை மூடிவிட்டார். நம்முடைய கம்பி பிரேக் வண்டிக்கு இனி யார் சாமான் செய்வார்கள்? பழைய சைக்கிளைத் துடைத்து ஞாயிற்றுக்கிழமை டவுனில் ஊர்வலம் போகிறவர்கள், மிச்சம் இருந்ததையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நானோ கண்ணாடி போட்டும் பாதிக் குருடன், மோட்டார் லைசென்ஸ் கிடைக்காது. டியூபில் ஒட்டுக்கு மேல் ஒட்டு போட்டு ஓட்டுகிறேன்.

நீ அப்படியா? வண்டியை மழையில் போட்டுவிட்டுத் தூங்குவாய். கட்டை தேய்ந்து இரும்பு ரிம்மைக் கீறும்போதுதான் என்னிடம் வருவாய். போன மழைக்காலத்திலும் அப்படித்தான் வந்தாய்.

“மச்சான், பிரேக் கட்ட ஒரு ஜோடி இருந்தா குடு லா. எறக்கத்துல வண்டி நிக்க மாட்டேங்குது.”

“எங்கிட்ட ஏது? தீந்துபோச்சு மாப்ள. சாமி சத்தியமா இல்ல.”

இருந்தது. ஒரே ஒரு ஜோடி, பிஸ்கட் டின்னில், துணியில் சுற்றி. நாளைக்கு எனக்கே வேண்டும், உன்னிடம் கொடுத்தால் மூன்று மாதத்தில் நாசம் பண்ணிவிடுவாய் என்று நினைத்தேன். பட்டால்தான் உனக்குப் புத்தி வரும் என்றும் நினைத்தேன். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

நீ பழைய ஜப்பான் சிலிப்பரின் ரப்பரை வெட்டிக் கட்டையாக மாட்டிக்கொண்டாய். காய்ந்த ரோட்டில் அது பிடித்தது. என் வாசலில் ஓட்டிக் காட்டி, “பாத்தியா மச்சான், ஒன் சாமானே வேணாம்” என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். நனைந்தால் அது வழுக்கும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

நாலாம் நாள் மழை. கோயில் இறக்கத்தில் உன் வண்டி நிற்கவில்லை. மெயின் ரோட்டில் வந்த செம்பனைக் குலை ஏற்றிய லோரியில் நேராகப் போய் மோதினாய். சாவு வீட்டில் எல்லாரும் மழையைத் திட்டினார்கள், நானும் சேர்ந்து திட்டினேன்.

இந்த வருசம் ஆயுத பூசை வந்தது. வழக்கம்போல ஸ்பேனர், பம்பு எல்லாவற்றையும் துடைத்துச் சாமி முன்னால் அடுக்கினேன். அந்தக் கட்டை ஜோடியையும் ஒரு தட்டில் வைத்தேன். பூசைக்கு வைக்காமல் ஒரு சாமானை விட எனக்குக் கை வரவில்லை. என் பக்தியைப் பார்.

வருசாவருசம் சாமான்களுக்குப் பொட்டு வைப்பவள் சாந்திதான். இந்த முறை குங்குமத்தை அவள் கையில் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. என் மனைவியே எடுத்துக்கொண்டாள். சாந்தி ஓரமாக நின்று தட்டைப் பார்த்தாள். கட்டையில் போன வருசத்துக் குங்குமக் கறை இருந்தது.

“அண்ணே, இது நான் வச்ச பொட்டுதானே?”

நான் ஊதுபத்தியைக் கொளுத்தக் குனிந்தேன்.

“‘ஒங்கண்ணன்கிட்ட கட்ட இல்லையாம், சாமி சத்தியம் பண்ணிட்டாரு’ன்னு அவரு வந்து சொன்னாரு. இருக்குன்னு எனக்குத் தெரியும். எங்கண்ணன் சாமி மேல சத்தியம் பண்ணிப் பொய் சொல்ல மாட்டாரு, வண்டியில மாட்டியிருப்பாருன்னு வாய மூடிக்கிட்டேன்.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் காலில் விழுந்திருப்பேன். கட்டைகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

“மாட்டிக்கோண்ணே. தெனமும் அந்த எறக்கத்துல இதைப் புடிச்சிக்கிட்டே போ. எங்க வீட்டுக்கு மட்டும் இனிமே வராத.”

மாட்டிக்கொண்டேன். அவளைத் தவிர யாருக்கும் தெரியாது, அதனால்தான் கோயில் பலகையில் ஒட்டி எல்லாரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன். நீ மன்னிப்பாயா என்று கேட்க மாட்டேன். கேட்டால் ‘போ லா மச்சான்’ என்று சிரித்து விட்டுவிடுவாய். அது எனக்கு வேண்டாம்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். அந்த இறக்கத்தில் ஒரு நாளும் வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்க மாட்டேன், வேறு வழியிலும் சுற்றிப் போக மாட்டேன். நேற்று நல்ல மழை. மெயின் ரோட்டுக்கு வருமுன் பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றுவிட்டது, மாப்ள. நன்றாகவே பிடிக்கிறது.

உன் மச்சான்,
மணியம்