அப்பா கையும் நீ அனுப்பிய பெட்டியும்

அன்புள்ள மகன் பிராங்க்ளினுக்கு, ஆவூரிலிருந்து அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே அப்பாவும் நானும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை, ஆனாலும் கடிதம் என்றால் விசாரித்துத்தானே ஆக வேண்டும், சிங்கப்பூரில் நீயும் மருமகள் மெர்லினும் சுகமா? போனில் வாயைத் திறந்தாலே மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதத்தில் திட்டுகிறேன். முழுசாகப் படி.

பக்கவாதத்தில் அப்பாவுக்கு வலது கை வராமல் போனதும், பிசியோதெரபி பார்க்க வரும் ஷீபா என்ன சொன்னாள் என்று அன்றைக்கே உனக்குச் சொன்னேன். பந்தை அமுக்கச் சொன்னா ஐயாவுக்குச் சலிப்பா இருக்கும்மா, வெரலுக்கு வேலை குடுக்குற மாதிரி அவருக்குப் புடிச்சது எதையாச்சும் குடுங்க என்றாள். அவருக்குப் பிடித்தது எது? கல்யாணத்துக்கு முன்னால் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காசு போட்டு ஆடிய விமானம் சுடும் வீடியோ விளையாட்டு. அதைக் கேட்டதற்கு, இந்த வயசுல கேமா என்று சிரித்தாயே, அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. சிரித்துவிட்டு, இதுல பத்தாயிரம் கேம் இருக்கு என்று சீப்பாக, டிவியில் மாட்டுகிற தீப்பெட்டி அளவுப் பெட்டி ஒன்றை ஆர்டர் போட்டு அனுப்பினாய். கம்ப்யூட்டர் படித்த பிள்ளை அனுப்பியதாயிற்றே, அதில் குறை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்? அப்பா பொத்தானை அமுக்குவார், விமானம் யோசித்து யோசித்து நகரும், அதற்குள் குண்டு விழுந்து ஆட்டம் முடிந்துவிடும். நாலு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள், மேரி, எங் கை செத்துப்போச்சு, இனி வராது என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். மூன்று வாரம் பந்தைக்கூடத் தொடவில்லை. உன் பெட்டி நொண்டியதற்கு அந்த மனுஷன் தன் கையைப் பழித்துக்கொண்டு கிடந்தாரடா, பாவி.

ஷீபாதான் ஒரு நாள் தானே ஆடிப் பார்த்தாள். ஐயா, என் கைக்கும் இப்படித்தான் மெதுவா வருது, ஒங்க கையில கொறையே இல்ல என்று சத்தம் போட்டாள். அவள் அண்ணன் ஜெபக்குமார் புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பழைய கேம் ஓட்டப் பெரிய கிராபிக்ஸ் கார்டெல்லாம் வேணாம்மா, பிராசஸர்ல, அதான் கம்ப்யூட்டரோட மூளையில, ஒரு கோர் வேகமா ஓடினாப் போதும், ஆபீசுல கழிச்ச டெஸ்க்டாப்பே தாராளம் என்று சொல்லி ஏழாயிரத்துக்குள் முடித்துக் கொடுத்தான். வயர் வைத்த ஜாய்ஸ்டிக் மாட்டினான், படம் தாமதிக்காமல் வர டிவியில் கேம் மோடு என்று எதையோ மாற்றினான், இப்போது அப்பா அமுக்கின நிமிஷமே சுடுகிறது. இதைச் சொல்லத்தான் போன் பண்ணினேன். நீ என்னடாவென்றால், சும்மா இரும்மா, நான் கிராபிக்ஸ் கார்டு வாங்கி அனுப்புறேன் என்கிறாய். அது அந்த டெஸ்க்டாப்புக்குள் நுழையாது, நுழைந்தாலும் கரண்டு பத்தாது என்று ஜெபக்குமார் தலையில் அடித்துக்கொண்டான். கிணற்று மோட்டார் வேறு மறுபடி எரிந்துவிட்டது, அதற்கும் எதையாவது சீப்பாக அனுப்பித் தொலைக்காதே.

தேவமாதா உங்கள் இருவரையும் காக்கட்டும், கோபத்தில் எழுதினாலும் ஆசீர்வாதத்தில் நான் குறை வைக்கவில்லை. நீ அனுப்பிய அந்தத் தீப்பெட்டியை இந்தக் கடிதம் வரும் பார்சலிலேயே வைத்திருக்கிறேன், ஒரு நாள் உட்கார்ந்து ஆடிப் பார், அப்போது தெரியும். வெயிலில் அலையாதே. என் பெயருக்குக் கீழே இருக்கும் கிறுக்கலைப் பார்த்து, எந்தக் குழந்தை பேனாவை எடுத்தது என்று கேட்காதே. அப்பா போட்டது. வலது கையால்.

இப்படிக்கு,
அம்மா சந்தனமேரி

அ மல் ரா ஜ்