நாலு பேருக்கான தண்ணீர்

மஸ்கட்
12.10.1998

அன்புள்ள வினோலியாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நான் நலம். நீயும் அலெக்ஸும் ஷைனியும் எப்படி இருக்கிறீர்கள்? உன் இடுப்பு வலி எப்படி? ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் படு.

இந்த ஊரில் வீடுகளில் குளித்த, துவைத்த தண்ணீரைச் சுத்தம் செய்து சாலையோர மரங்களுக்கு விடுகிறார்கள். அந்தக் குழாயைப் புதுப் பகுதிகளுக்கும் நீட்ட எங்கள் ஆபீஸில் பிளான் போடுகிறோம். ஒரு வீட்டிலிருந்து தினமும் எவ்வளவு தண்ணீர் வெளியே போகும் என்பது முதலில் தெரிய வேண்டும். பழகுவதற்கு அவரவர் வீட்டை வைத்து எழுதச் சொன்னார்கள். நம் நெய்வேலி குவார்ட்டர்ஸை நினைத்து எழுதினேன். பிள்ளைகள் குளிக்க மூன்று வாளி, நீ குளிக்க இரண்டு, உன் யூனிபார்மை அலச மூன்று, எனக்கு இரண்டு.

எங்கள் சீனியர் சிவப்பிரகாசம் நம் ஊர்ப் பக்கம், கம்மாபுரத்துக்காரர். தாளைப் பார்த்துச் சிரித்தார்.

“ஏன்யா, நாலு பேருக்குப் போட்டிருக்கற. நீதான் இங்க குந்திக்கினு இருக்கியே?”

நானும் சிரித்துவிட்டேன்.

யாராவது இங்கே வந்தால் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பு. உன் பழைய துண்டு ஒன்றையும் வை. இங்கே வாங்கியது ஈரத்தை இழுக்கவே மாட்டேன் என்கிறது.

பின்பக்கம் கிடக்கும் என் பச்சை வாளியைப் பழைய சாமானுக்குப் போடப்போவதாக எழுதியிருந்தாய். போடாதே. தாளில் என் இரண்டு வாளித் தண்ணீரை நான் இன்னும் கோடு போட்டு அடிக்கவில்லை.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு முத்தம்.

உன்
இருதயராஜ்