பக்கம் உன் பெயரில், கடை என் பெயரில்

ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம், இணையத்தில் இருக்கிற நம் பட்டுக்கடைப் பக்கம் போலி, யாரோ என் கடைப் பெயரைப் போட்டு ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று அந்தக் கம்பெனிக்கு நானே புகார் கொடுத்தேன். இரண்டே நாளில் பதில் வந்துவிட்டது. நன்றாக ஆராய்ந்து பார்த்தார்களாம். பக்கத்தில் ஒரு குற்றமும் இல்லையாம். பார்க்கப் பிடிக்காவிட்டால் நான் பார்க்காமல் இருந்துகொள்ளலாமாம். செத்துப்போன உன்னை நம்புகிறார்கள். கல்லாவில் உயிரோடு உட்கார்ந்திருக்கிற என்னை நம்பவில்லை.

இன்று மதியம் நீ வாங்கிக் கொடுத்த வட்ட விளக்கைப் போட்டேன். வீடியோ எடுக்கும்போது முகத்துக்கு நேரே நிறுத்துவாயே, அதுதான். ஆறு மாதமாக என் மனைவி அதன் மேல் ஈரத் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் எரிந்ததும் அந்தப் பழைய வாசனை கிளம்பியது, பிளாஸ்டிக் சூடேறுகிற வாசனை. உடனே வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டேன். "எக்கி நில்லுடா, ஆறு கஜம் உனக்கே பத்தாது" என்று நீ பின்னாலிருந்து கத்துவாய் என்ற பழக்கம். பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. வயிற்றை வெளியே விட்டேன். கோபத்தை விட முடியவில்லை.

எல்லாம் உன்னால் ஆரம்பித்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உன் போட்டோ ஸ்டுடியோவில் பகலெல்லாம் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாய். ஒருநாள் என் கடைக்கு வந்து, "ஊரே போன்ல வித்துகினு கீது. நீ இன்னும் வாசல்ல போறவங்கள இஸ்துகினு கீற" என்றாய். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவன் சொன்னால் கேட்காமல் இருக்க முடியுமா? அன்று சாயங்காலமே உன் போனில் என் கடைக்கு ஒரு பக்கம் பிறந்தது.

முதல் நேரலையை இப்போது நினைத்தாலும் எனக்குக் காது சூடாகிறது. கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டதா, போனைப் பார்த்து, "வாங்கம்மா, உக்காருங்க, தண்ணி சாப்புடுறீங்களா?" என்று கேட்டுவிட்டேன். நீ சிரித்த சிரிப்பில் படம் மேலும் கீழும் ஆடியது. பார்த்துக்கொண்டிருந்தது மூன்றே பேர்: நீ, மாடியிலிருந்து என் மனைவி, கண்ணமங்கலத்திலிருந்து என் மைத்துனன். அவன் மட்டும் "காபி இருந்தா குடுங்க மாமா" என்று எழுதினான்.

பிறகு முந்தானைச் சண்டை. நம் கடைகளில் புடவை காட்ட ஒரு வரிசை உண்டு. முதலில் உடல், பிறகு கரை, கடைசியில்தான் முந்தானையை உதறி விரிப்போம். அந்த நேரத்தில் எதிரே இருக்கிற அம்மாவின் கண் விரிய வேண்டும். அப்புறம்தான் விலைப்பேச்சே. என் அப்பா அப்படித்தான் விற்றார், நானும் அப்படித்தான். நீயோ, "முந்தானைய மொதல்ல காட்றா. நீ மெதுவா மடிப்பு பிரிச்சிகினு இருந்தா அதுக்குள்ள விரலால தள்ளிகினு பூடுவாங்க" என்றாய்.

"அதயே மொதல்ல காட்டிட்டா கடைசில இன்னாத்த காட்றது? என்னையா?"

"உன்ன காட்டுனா போனயே அமத்திடுவாங்க."

விலை கேட்டவர்களுக்கெல்லாம் "நேரில் வாங்க" என்று நான் பதில் எழுதியதும் உண்மைதான். எதிர்க்கடைக்காரன் பார்ப்பானே என்ற பயம். பினாங்கிலிருந்து ஒரு அம்மா கேட்டதற்கும் அதையே எழுதினேன். நீ தலையில் அடித்துக்கொண்டு, "விசா வாங்கிகினு வருவாங்க, நீ தண்ணி ரெடியா வெச்சிரு" என்றாய்.

ஆனால் பக்கம் வளர்ந்தது. பெங்களூர், கோயம்புத்தூர் என்று எங்கெங்கிருந்தோ கூப்பிட்டார்கள். அழைப்பு உன் எண்ணுக்கு வரும், நீ என்னிடம் தள்ளிவிடுவாய். யார் கேட்டாலும், "இவன் மொதலாளி, நான் வெறும் கேமராக்காரன்" என்பாய். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வேன்.

நீ வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனாய். திரும்பி வந்தது நீ இல்லை.

அழுதேன். அதை மறைக்கவில்லை. இந்த ஆவணி முகூர்த்தம் நெருங்கும்போதுதான் கடையில் ஒரு அமைதி தெரிந்தது. போன் மணி இல்லை. வழக்கமாக வாங்குகிற ஒரு அம்மா வேலூரிலிருந்து பஸ் பிடித்து வந்து, "எத்தன வாட்டி போன் போட்றது? இந்த நம்பரே இல்லன்னு சொல்லுது. கடைய மூடிட்டீங்களோன்னு பயந்துட்டேன்" என்றார். பக்கத்தில் இன்னும் இருந்தது உன் எண். மாற்றப் பார்த்தேன். முடியவில்லை.

கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிற அம்மாவிடம் ஓடினேன். அவர் என் போனை இப்படியும் அப்படியும் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, உங்களுக்கு இதுல படம் போட மட்டுந்தான் உரிம. ஓனரு அவரு ஒருத்தருதான்" என்றார்.

என் கடை, என் புடவை, என் தொந்தி. முதலாளி நீ!

உன் வீட்டுக்குப் போய் உன் போனைக் கேட்டேன். உன் மனைவி, "அதப் பாத்தாலே அழுகையா வருதுண்ணா. எங்க அக்காவுக்குக் குடுத்துட்டேன். அவ எல்லாத்தயும் அழிச்சிட்டு வெச்சிகினு கீறா" என்றாள். படத்துக்குக் கீழே புது எண்ணை எழுதிப் பார்த்தேன். யார் படிக்கிறார்கள்? எல்லோரும் உன் எண்ணுக்குப் போகிற அந்த அழைப்புப் பொத்தானைத்தான் அமுக்குகிறார்கள். புதுப் பக்கம் தொடங்கினேன். அதில் என் மைத்துனன் காபி கேட்டுக்கொண்டிருக்கிறான், வேறு ஆள் இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் நீளம், உனக்கே தெரியும். டீக்கடையில் சொன்னேன். சலூனில், பாதி முகத்தில் சோப்போடு சொன்னேன். "கூடவே இருந்து கடைய அவன் பேருக்கு எழுதிகினான்." முதல் தடவை 'பக்கத்தை' என்றுதான் சொன்னேன். மூன்றாவது தடவை அது 'கடையை' என்று ஆகிவிட்டது. கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். அந்த உச்சு இனிப்பாக இருந்தது.

நேற்று உன் மனைவி கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. "எங்க வூட்டுக்காரரு திருடராண்ணா?" என்றாள். அவ்வளவுதான். நான் ஒரு புடவையை மடித்தேன். அதையே மறுபடியும் மடித்தேன். நிமிர்ந்தபோது அவள் படி இறங்கிவிட்டிருந்தாள்.

நான் பதில் சொல்லாததற்கு நீதான் காரணம். இல்லை என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் எதை வைத்துச் சொல்வேன்? இத்தனை வருடத்தில் ஒருநாள், ஒரே ஒருநாள், "இந்தாடா, இதுவும் உன் பேருல இருக்கட்டும்" என்று நீ கொடுத்திருக்கலாம். என்னை நம்பவில்லையா? எதையாவது தட்டி அழித்துவிடுவேன் என்று பயந்தாயா? அல்லது நாளைக்கு நான் உன்னைக் கழற்றிவிடுவேன் என்று நினைத்தாயா? எது என்றாலும் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். உன் எண்ணை என் போனிலிருந்து இன்னும் அழிக்கவில்லை. தினமும் ஒருமுறை போட்டு, உபயோகத்தில் இல்லை என்று அந்தப் பெண் குரல் சொல்லி முடித்ததும், அதனிடம் உன்னைத் திட்டிவிட்டு வைக்கிறேன்.

இதுவரை எழுதி நிறுத்தியிருந்தேன். கம்ப்யூட்டர் சென்டர் அம்மா இப்போதுதான் கூப்பிட்டார். அந்தப் பக்கம் என்னுடையது என்று காட்ட ஏதாவது சாட்சி கிடைக்குமா என்று காலையில் என் மெயிலைத் திறந்து பார்க்கச் சொல்லியிருந்தேன். மூன்று கடிதம் இருக்கிறதாம். மூன்றும் உன் பெயரில், பக்கத்தின் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளச் சொல்லி எனக்கு வந்த அழைப்பு. மூன்றும் திறக்கப்படவில்லை, மூன்றுக்கும் கெடு முடிந்துவிட்டது. கடைசிக் கடிதம் வந்த நாளைச் சொன்னார். அன்று நான் உன் ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தேன். "மெயில் பாத்தியாடா?" என்று நீ கேட்டாய். "பாத்துட்டேன்டா" என்றேன்.