வாசலை மறித்து நீ கேட்ட கேள்விகள்

பாதி காலையை என் பின்னாலேயே ஓடிக் கழித்த என் செல்ல அம்மாவுக்கு,

நீ போன பிறகு நான் தொலைத்த சாவிகளைச் சேர்த்து வைத்திருந்தால் அம்பத்தூரில் ஒரு பூட்டுக்கடையே போட்டிருக்கலாம். போன வாரம் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். புகையைப் பார்த்து ஹவுஸ் ஓனர் அம்மா கதவை உடைக்காத குறைதான். சிரிக்காதே. இங்கே நிலைமை சிரிக்கிற மாதிரி இல்லை.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பம்ப் கம்பெனியில் பெட்டிகள் அனுப்பும் வேலை என்று சொல்லியிருக்கிறேனே, ஞாபகம் இருக்கிறதா? கோயம்புத்தூருக்குப் போக வேண்டிய பெட்டியை ஓசூருக்கு அனுப்பிவிட்டேன். முதல் தடவையும் இல்லை. மேனேஜர் கூப்பிட்டார். "உனக்கு இன்னா பிரச்சனைன்னு டாக்டர்கிட்ட ஒரு பேப்பர் வாங்கினு வா கதிர், வேற செக்‌ஷன் மாத்தித் தரேன். இல்லன்னா மாசக் கடைசியோட முடிச்சுக்கலாம்" என்றார்.

முதலில் பார்த்த டாக்டர், அம்மா போன துக்கம் என்றார். அடுத்தவர் ஆதாரில் இன்னும் இருக்கும் பெண் பெயரையும் என் மீசையையும் மாறி மாறிப் பார்த்தார். "ஹார்மோன் ஊசியை நிறுத்துங்க, மனசு தானா ஒரு இடத்துல நிக்கும்" என்றார். ஊசிக்கு முன்னால் என் மனசு எங்கே நின்றது என்று அவர் கேட்கவே இல்லை. பல்வலி என்று போனாலும் இவர்களுக்கு என் மீசைதான் கண்ணில் படுமோ?

கடைசியாக ஆவடியில் ஒரு டாக்டரம்மா. கதிர் என்றே கூப்பிட்டு, முழுசாகக் கேட்டார். "ஏ.டி.எச்.டி. மாதிரிதான் தெரியுது" என்றார். கவனம் ஓரிடத்தில் நிற்காமல் ஓடுகிற கோளாறாம் அம்மா, அதற்கு மாத்திரைகூட இருக்கிறதாம். "ஆனா இது சின்ன வயசுலயே இருந்திருக்கணும். அப்ப உங்களைப் பக்கத்துல இருந்து பார்த்தவங்க யாராவது என்கிட்ட பேசணும்" என்றார்.

அங்கேயே அழுதுவிட்டேன். அதைச் சொல்ல உலகத்தில் நீ ஒருத்திதானே இருந்தாய்?

துணிக் கம்பெனி ஷிப்டுக்கு ஓடுகிற அவசரத்திலும் வாசலை மறித்துக்கொண்டு நிற்பாய். "டிபன் கீதா? தண்ணி கீதா? ஜாமெட்ரி பாக்ஸ் கீதா?" எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டிய பிறகு, நானும் அங்கேதான் இருக்கிறேனா என்று நெற்றியில் விரலால் தட்டி, "நீ கீறியா?" என்பாய். "கீறேம்மா" என்று சொன்னால்தான் வழிவிடுவாய். காலேஜ் முடிகிறவரை அப்படித்தான். நான் உன் மகள் இல்லை, மகன் என்று சொன்னபோது இரண்டு நாள் வாசலை மறிக்காமலே ஷிப்டுக்குப் போனாய். பிறகு அளவே கேட்காமல் என் தோளுக்குச் சரியாக ஒரு சட்டை எடுத்துவந்து கொடுத்துவிட்டு, மறுநாள் காலை அதே கேள்விகளைக் கேட்டாய்.

நீ இல்லாததால் அண்ணனைப் பேசச் சொல்லிக் கேட்டேன். டாக்டரம்மா ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். "என் தங்கச்சி தங்கம் டாக்டரம்மா. ஒரு பொருளைத் தொலைச்சதில்ல, ஒருநாள் ஸ்கூலுக்கு லேட்டா போனதில்ல. எல்லாம் முடி வெட்டிக்கினு இந்த வேஷம் கட்டினப்புறம் வந்த கோளாறு" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ வாசலை மறிக்கிற நேரத்துக்கு முன்பே அவன் பட்டறைக்குக் கிளம்பியிருப்பான். எதையும் தொலைக்காத தங்கச்சியைத்தான் அவன் பார்த்திருக்கிறான். நீ என்னை அவ்வளவு நன்றாகப் பார்த்துக்கொண்டாய் அம்மா, அதனால் இன்று என்னை யாரும் நம்பவில்லை.

"உங்க அண்ணன் இப்படிச் சொல்றப்ப என்னால உறுதியா எழுத முடியாது கதிர். டீச்சர் யாராவது?" என்று கேட்டார் டாக்டரம்மா. டீச்சர்களுக்கு ஞாபகம் இருந்தால் அது இரட்டைப் பின்னல் போட்ட அமைதியான ஒரு பெண்ணாகத்தான் இருக்கும். அடக்கமான பொண்ணு என்று பாராட்டுவார்கள். நான் அந்த வகுப்பிலேயே இல்லை என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அன்று சாயங்காலம் அண்ணன் மறுபடி கூப்பிட்டான். "வேலை போச்சுன்னா வெள்ளானூருக்கே வந்துடு. ஊட்ல எடம் கீது. ஆனா தங்கச்சியா வா. உன் சுடிதாரெல்லாம் பீரோலயேதான் கீது." அன்பாகத்தான் சொன்னான். திட்டியிருந்தால் போனை வைத்திருப்பேன்.

மாதக் கடைசி நெருங்கிவிட்டது. கையில் பேப்பர் இல்லை. வேறு டாக்டரைத் தேட வேண்டும் என்று தினமும் நினைக்கிறேன், அதையும் மறந்துவிடுகிறேன். எல்லாம் சரியாகிவிடும் என்று உன்னிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை.

ஒன்று மட்டும் சத்தியம். அந்தச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு அந்த வாசற்படி ஏற மாட்டேன். எந்த மூலையில் கிடந்தாலும், காலையில் கதவைத் திறப்பதற்கு முன்னால் உன் கேள்விகளை நானே கேட்டுக்கொள்வேன். டிபனை மறப்பேன், சாவியை மறப்பேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் படி இறங்க மாட்டேன்.

கீறேம்மா.

உன் மகன்,
கதிர்