பதினொரு படங்களில் அப்பா

7 ஏப்ரல் 2025, திங்கள்

காலை ஷிப்ட். மெஷின் மூன்று முறை நின்றது. மூன்று முறையும் எல்லாரும் என்னையே பார்த்தார்கள், என்னவோ நான்தான் அதற்கு மாமியார் என்பதுபோல.

வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் பேப்பரைப் பிரித்தால் ஒரு செய்தி. இங்கே மலேசியாவில், நம் கெடாவில் பிறந்து, சினிமாவில் உழைத்து, மறைந்தவர்களைப் பற்றி ஒரு நூல் வரப்போகிறதாம். மே நான்காம் தேதி சுங்கைப் பட்டாணியில் வெளியீடு. பெயர் கொடுக்க ஏப்ரல் இருபது கடைசி நாள். தொகுப்பவர் நடராஜா, ஓய்வுபெற்ற ஆசிரியர்.

அப்பா அதில் வர வேண்டாமா?

8 ஏப்ரல்

நடராஜா சாருக்குப் போன் போட்டேன். என் அப்பா பெயர் குழந்தைவேலு, மெர்போக்கில் லோரி ஓட்டினார், அதற்கு முன்னால் எழுபத்து மூன்றில் மெட்ராஸ் போய் நான்கு வருஷம் சினிமாவில் கூட்டக் குரல் கொடுத்தார், போன வருஷம் தவறிவிட்டார் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன்.

"கூட்டக் குரல்னா என்னம்மா?"

"படத்துல சந்தை, கலவரம், கல்யாண வீடெல்லாம் வரும்ல சார்? அந்தச் சத்தத்துக்கு ஸ்டூடியோவுல எட்டுப் பேரு மைக்கைச் சுத்தி நின்னு கத்துவாங்க. அதுல ஒருத்தர்."

"டைட்டில்ல பேர் வந்திருக்கா? போட்டோ இருக்கா?"

"ரெண்டும் இல்ல சார். பதினொரு படம்னு பேரோட சொல்லியிருக்காரு." பதினொன்றையும் வரிசையாகச் சொன்னேன்.

"வாய்ச்சொல்லை வச்சு புத்தகத்துல போட முடியாதும்மா."

"அவரு வேலையே வாய்ச்சொல்தானே சார்!"

சிரித்தார். ஆனால் மசியவில்லை. ஒரு படத்திலாவது அவர் குரல் இதுதான் என்று காட்டு, போடுகிறேன் என்றார்.

10 ஏப்ரல்

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் தொண்டையிலேயே நிற்கும்.

எனக்குப் பதினைந்து வயது. தீபாவளிக்கு வீடு நிறைய ஆட்கள். அப்பா மெட்ராஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தார் — ஒரே படத்தில் செத்தவனுக்காக அழுததும் அவர்தானாம், கொன்றவனைத் துரத்தியதும் அவர்தானாம். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "பொய்யி! லோரி ஓட்டுறதை மட்டும் சொல்லுங்கப்பா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அதற்கப்புறம் முப்பது வருஷம், சாகிற வரைக்கும், சினிமாவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

என் நாக்கில் அன்றைக்குச் சனி. வேறென்ன சொல்ல? மன்னிப்புக் கேட்கலாம் கேட்கலாம் என்றே ஆள் போய்விட்டார்.

பதினொரு படத்தின் பெயரும் எனக்கு இன்னும் மனப்பாடம். நம்பாதவளுக்கு எதற்கு மனப்பாடம்?

13 ஏப்ரல், ஞாயிறு

யூடியூப்பில் ஒன்பது படம் கிடைத்தது. இன்று இரண்டு பார்த்தாயிற்று. முதல் படத்தில் எனக்கு மூன்று அப்பா கிடைத்தார்கள். இரண்டாவதில் ஒரு மாடு கத்தியதுகூட அவர் மாதிரியே இருந்தது.

"மனுஷங்க மேல சந்தேகமா இருக்கு. மாட்டை நம்புறேன்" என்றார் என் வீட்டுக்காரர் சிவநேசன். தலையணையால் ஒன்று வைத்தேன்.

16 ஏப்ரல்

ஆறு படம் முடிந்தது. கூட்டம் என்றால் கூட்டம்தான், ஒரு குரலும் தனியாகப் பிரியவில்லை. அம்மாவைப் பக்கத்தில் உட்காரக் கூப்பிட்டால், "போன மனுஷன் குரலைத் தேடிக்கிட்டு உக்கார எனக்குத் தெம்பு இல்லடி வாசு" என்று சமையலறைக்குள் போய்விடுகிறார். இன்னும் நான்கு நாள். எனக்குத் தலைவலி.

19 ஏப்ரல், சனி

இதை ஒண்ணு விடாம, மெதுவா எழுதணும்.

மத்தியானம் எட்டாவது படம். தஞ்சாவூர்ப் பக்கத்து ரயில் நிலையம். முன்னால் கதாநாயகி அழுகிறாள், பின்னால் கூட்டம் மூட்டை முடிச்சோடு ஓடுகிறது. நான் பாதி தூக்கத்தில் இருந்தேன். அம்மா சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். டிவியில் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் —

"சீக்கிரம் வா லா! வண்டி போயிரும் லா!"

உடனே ரயில் கூவியது.

சமையலறையிலிருந்து அம்மா கத்தினார்: "வர்றேன், வர்றேன்! ஹாரன் அடிக்காதீங்க!"

குழாயைக்கூட மூடாமல் அம்மா கையில் மீனோடு சமையலறை வாசலில் வந்து நின்று டிவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாற்பத்தைந்து வருஷம், கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ கிளம்பும்போதெல்லாம் அப்பா வெளியே வண்டியில் உட்கார்ந்து ஹாரனை அடித்துக்கொண்டே கத்தியது இதே கத்தல்தானே!

"உங்கப்பாடி" என்றார்.

கட்டிப் பிடித்துக்கொண்டோம், மீனோடு. அழுகிறோமா சிரிக்கிறோமா என்று எங்களுக்கே தெரியவில்லை. பொய்யில்லை. பொய்யே இல்லப்பா!

20 ஏப்ரல், ஞாயிறு

கடைசி நாள். காலையிலேயே கூலிமிலிருந்து சுங்கைப் பட்டாணிக்குப் போய் நடராஜா சார் வீட்டுக் கதவைத் தட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"தஞ்சாவூர் ஸ்டேஷன்ல 'லா' போடுறவன் நம்ம மலேசியாக்காரனாத்தான் இருப்பான்னு சொல்ற?"

"ஆமா சார்!"

"திருநெல்வேலிக்காரங்க 'வாலே'ம்பாங்களே. அது மாதிரி இருந்தா?"

இந்த 'லே' நேற்று முழுக்க என் புத்திக்கு எட்டவே இல்லை. அவர் சுருதி பார்ப்பவர் மாதிரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கொஞ்சம் பின்னால் தள்ளி, திரும்பத் திரும்பக் கேட்டார். ஐந்தாவது தடவை சட்டென்று நிமிர்ந்தார்.

"அந்த 'சீக்கிரம்'க்கு முன்னாடி என்ன சொல்றாரு, கேளு."

கேட்டேன். லேசாக, ஆனால் சுத்தமாக: "அலாமாக்!" பதறினால் இங்கே எல்லார் வாயிலும் வரும் மலாய் 'ஐயோ'.

நடராஜா சார் தொடையைத் தட்டிச் சிரித்த சிரிப்பில் அவர் மனைவி உள்ளேயிருந்து ஓடி வந்தார். "திருநெல்வேலியில எவன்மா அலாமாக் சொல்வான்? நம்மாளுதான்! நம்மாளேதான்! பதறினா தாய்ப்பால் குடிச்ச ஊர் வாயில வந்துரும்மா." மெட்ராஸில் ஒருத்தர் காதிலும் இது விழவில்லையே என்று அவருக்கு ஆச்சரியம். எட்டுப் பேர் சேர்ந்து கத்தும்போது யாருக்கு விழும்?

பெயரை எழுதிக்கொண்டார்.

22 ஏப்ரல்

மெஷின் நிற்கவே இல்லை. நல்ல மெஷின்.

4 மே, ஞாயிறு

மண்டபம் நிறைந்து வழிந்தது. மறைந்தவர்கள் பதினான்கு பேர் — ஒப்பனைக்காரர், தபேலா வாசித்தவர், சண்டைக் காட்சியில் விழுந்தே பேர் வாங்கியவர். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுப் படம். அப்பாவுக்கு ஏழு நொடி.

"அலாமாக்! சீக்கிரம் வா லா!" என்று வந்ததோ இல்லையோ, மண்டபமே வெடித்தது. விசில் பறந்தது. "இன்னொரு தரம் போடுங்க லா!" என்று பின்வரிசையில் யாரோ கத்த, நான்கு தரம் போட்டார்கள். பட்டுப்புடவையில் அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வர, சிவநேசன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

நூலைத் திறந்தேன். அப்பாவுக்கான பக்கத்தில் ஒரு படத்தின் பெயர்தான் இருக்கும் என்று நினைத்தேன். பதினொன்றும் இருந்தது. நடராஜா சாரிடம் ஓடினேன்.

"ஒரு படத்துக்குத்தானே சார் ஆதாரம் கொடுத்தேன்?"

"ஒண்ணுல உண்மையைச் சொன்ன மனுஷன் மத்த பத்துல பொய் சொல்லியிருக்க மாட்டாரும்மா" என்றார்.

கழிப்பறைக்குப் போய் நன்றாக அழுதேன். சந்தோஷமாகத்தான். முகம் கழுவிக்கொண்டு வந்து பிரியாணி சாப்பிட்டேன், இரண்டு தட்டு.

11 மே, ஞாயிறு

இப்போது ரிமோட் அம்மா கையில். யூடியூப்பில் கிடைக்காத இரண்டையும் தேடிப் பிடித்து, பதினொன்றையும் பார்க்காமல் விடமாட்டாராம். இன்று ஒரு கல்யாண வீட்டுக் காட்சி. பந்தியில் பெண்கள் கூட்டமாகச் சிரிக்க, அம்மா துள்ளி எழுந்தார்.

"அந்தா! அந்த கீச்சுச் சிரிப்பு! உங்கப்பாதான்!"

"அது பொம்பளைம்மா."

"உனக்கென்ன தெரியும்? அவரு பொம்பளை மாதிரியும் சிரிப்பாரு."

பின்னால் தள்ளிப் போட்டேன். இன்னொரு தடவை கேட்டேன்.

ஆமாம், அப்பாதான்.