மழை நாளில் எடுத்த தண்ணீர்

என் அன்பான அப்பா,

இன்று நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். உங்களுக்குப் பிடிக்காத பகுதியையும் விடமாட்டேன். எனக்கு அழுகை வரவில்லை. நீங்கள் போன பிறகு அது வருவதே இல்லை.

செவன் ஹில்ஸில் நம் வீட்டுக்குப் பின்னால் ஓடும் ஓடையைப் பற்றிய பொது விசாரணை இன்று பிற்பகல் நகர மண்டபத்தில் நடந்தது. நீங்கள் முன்பு விளக்கியபடிதான் எல்லாம். மாநில அரசு நீர்நிலைகளைப் பயன்பாட்டைப் பார்த்து வகை பிரிக்கிறது: குடிக்க, குளிக்க, மீன் வாழ, கடைசியாகக் கழிவைக் கொண்டுபோக. வகைக்கு வகை தரம் வேறு. புதிய வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபணைகளைக் கேட்டு, பிறகு திருத்துவார்கள். இந்த வரைவில் நம் ஓடையை மீன் வகையிலிருந்து கழிவு வகைக்கு இறக்கியிருக்கிறார்கள். அது நிலைத்துவிட்டால் மேலேயுள்ள தொழிற்சாலைகள் இன்னும் கழிவு விடலாம். அதைத் தடுக்கத்தானே நீங்கள் சனிக்கிழமைகளில் தண்ணீர் எடுக்கப் போத்தல்களோடு காரில் தொழிற்சாலைகள் பக்கம் போனீர்கள்?

உங்களோடு ஆய்வுகூடத்தில் வேலை செய்த சிவம் அங்கிள்தான் எங்களைக் காரில் கூட்டிப்போனார். "எங்கட ஆக்களின்ர கூட்டமெண்டா ரீயும் வடையும் இருக்கும். இஞ்ச முழுக்கத் தண்ணியைப் பற்றித்தான் கதை, குடிக்க ஒரு சொட்டு இல்லை" என்றார். அம்மா சிரிக்கவில்லை. நானும்தான்.

பக்கத்து வீட்டு மார்கரெட் அன்ரி, ஓடைத் தண்ணீரைச் சோதித்து நீங்கள் குறித்துவைத்த அளவுகளை வாசித்தார். உடனே தொழிற்சாலைகளின் வழக்கறிஞர் எழுந்தார்.

"இந்தத் தண்ணீரை எடுத்தவரிடம் நான் கேள்வி கேட்க வேண்டும்."

"அவர் இறந்துவிட்டார்" என்றார் அன்ரி.

"வருந்துகிறேன். எடுத்ததைப் பார்த்தவர் யாராவது இருக்கிறார்களா?"

அம்மா என் முழங்கையைத் தொட்டார். "எழும்பு பிள்ளை. நீதானே கூடப் போனனீ."

எழுந்து சொன்னேன். நீங்கள் ஓடையின் நடுவுக்குப் போவது, போத்தலை அதே தண்ணீரில் அலசுவது, முழுக்க அமிழ்த்தி நிரப்பி நீருக்குள்ளேயே மூடுவது. ஒரு குமிழி தெரிந்தாலும் ஊற்றிவிட்டு மறுபடி நிரப்புவீர்கள். உள்ளே காற்று இருந்தால், மீன் மூச்சுவிட நீரில் கரைந்திருக்கும் காற்றின் அளவு பொய்யாகிவிடும் என்பீர்கள். விசாரணைத் தலைவர் எழுதிக்கொண்டார். என் குரல் வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"ஒவ்வொரு முறையும் நீ பார்த்தாயா?" என்று வழக்கறிஞர் கேட்டார்.

"இல்லை. மழை நாட்களில் காருக்குள் இருந்து புத்தகம் வாசித்தேன். கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும். அப்பா தெரியமாட்டார்."

மழை நாள் அளவுகளைத் தலைவர் ஒதுக்கி வைத்தார். மிஞ்சியவை வெயில் நாட்கள்; ஓடை வற்றிக் கழிவு தடித்து நின்ற நாட்கள். "பார்த்தீர்களா, இதில் மீன் எப்போதுமே வாழாது. கழிவு வகைதான் பொருத்தம்" என்றார் வழக்கறிஞர். மழை வந்து கழிவு நீர்த்துப்போனதும் ஓடை மீன் வாழும் தரத்துக்கு ஏறியதே, அப்பா. கழிவைக் குறைத்தால் எப்போதும் அப்படி இருக்கும் என்பதற்கு அந்தப் போத்தல்கள்தானே உங்கள் சாட்சி?

வெளியே வந்ததும் சிவம் அங்கிள், "ஓம் எண்டு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாமே, பிள்ளை" என்றார்.

"அவர் இருந்திருந்தா, பார்க்காததைப் பார்த்தனான் எண்டு சொல்ல விட்டிருப்பாரோ, சிவம்?" என்றார் அம்மா.

அங்கிள் கார்ச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? அம்மா சொன்னது சரிதானா?

முடிவு எழுதும் வரை புதிய அளவுகளைத் தரலாம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். "மழை பெஞ்சா போன் பண்ணு. வாறன். நானே சோதிச்சுத் தாறன்" என்றார் அங்கிள். பார்த்துச் சாட்சி சொல்லத் தானும் வருவதாக மார்கரெட் அன்ரி சொன்னார்.

அடுத்த மழைக்கு நான் ஓடைக்குள் இறங்குவேன், அப்பா. குமிழி இல்லாமல் நிரப்புவேன். கேட்பவர்களுக்கு நானே பதில் சொல்வேன்.

நாங்கள் இன்னும் படியில் நின்றுகொண்டிருக்கும்போதே மண்டபத்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

உங்கள் மகள்,
வாணி