ஐஸ்காரர் குளிருக்குப் பயந்த கதை

அன்புத் தங்கைக்கு,

உன் மகளுக்கு ஊசி போட்டாயிற்று. முதலில் மூச்சு விடு, மற்றதை நிதானமாகப் படி.

"மருந்தெல்லாம் வீணாப்போச்சு" என்று நான் சொன்னதோடு போன் செத்துவிட்டது. மழையில் சாய்ந்த செல்போன் கோபுரத்தை இன்னும் நிமிர்த்தவில்லை. அதைக் கேட்டுவிட்டு, மகளை என்னிடம் விட்டு வேலைக்குப் போயிருக்கிற நீ அங்கே சோறு தண்ணி இல்லாமல் கிடப்பாய் என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டுத் தையல்காரரின் தம்பி நாளை உன் ஊருக்குத்தான் பயணம். அவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்தது இதுதான். மழைக்குக் கரண்ட் போய், ஆஸ்பத்திரி ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. பள்ளிக்கூடப் பெண்களுக்கு வந்திருந்த கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பு மருந்தைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு, நர்ஸம்மா நனைந்தபடி நம் ஐஸ் கம்பெனிக்கு வந்தார். நம்மிடம்தான் ஜெனரேட்டர் உண்டே. "சில்லுனு இருந்தாப் போதும், அண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார். உன் அத்தானைத்தான் உனக்குத் தெரியுமே. ஊருக்கே உதவுகிற உற்சாகத்தில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வெறும் சில்லென்று வைத்தால் தொழிலுக்கு என்ன மரியாதை என்று, ஐஸ் பாளம் அடுக்குகிற அறையின் நட்டநடுவில் பெட்டியை வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

காலையில் நர்ஸம்மா திறந்து பார்த்தால், புட்டிகள் கல்லாய் உறைந்திருக்கின்றன. இந்த மருந்து ஒரு தடவை உறைந்தால் அவ்வளவுதானாம், இளகினாலும் வேலை செய்யாதாம். அவர் அத்தானைத் திட்டக்கூட இல்லை. "நான் வெவரமா சொல்லாமப் போயிட்டேனே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அடுத்த மாதம் உன் மகளுக்குப் பதினைந்து பிறக்கிறது, பள்ளிக்கூட ஊசிக்கு வயசு தாண்டிவிடும். அத்தான் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அம்மாவைக் கடைசி நாட்களில் குழந்தைபோல் தூக்கி உட்கார வைத்தவர் அவர்தானே. "என் கையாலயே கெடுத்துட்டேனே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

அப்புறம் சட்டென்று எழுந்து வண்டியை எடுத்தார். நர்ஸம்மாவோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, கெஞ்சிக் கூத்தாடி வேறு மருந்து வாங்கினார். திரும்பும்போது பெட்டி நர்ஸம்மாவின் மடியில். "ரொம்பக் குளிருதாம்மா? கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா" என்று வழியெல்லாம் கேட்டு அவரைப் பாடாய்ப் படுத்திவிட்டாராம். பிறந்ததிலிருந்து ஐஸில் கிடக்கிற மனிதர் குளிருக்குப் பயந்ததை நினைத்து எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு வந்தது. அவர் எதிரில் சிரிக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, ஒன்றையொன்று இடித்துச் சிரித்தபடி வரிசையாகப் பெண்பிள்ளைகள். நர்ஸம்மா ஒரு புட்டியை என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். என் கட்டைவிரல் அளவுகூட இல்லையடி! ரத்தக் கறை பட்ட துணியை அம்மா நமக்குத் தெரியாமல் துவைத்து, கட்டிலுக்கு அடியில் ஒளித்துக் காயவைத்தாள். கேட்டதற்கு வயசுக் கோளாறு என்றாள். அப்படிப்பட்ட அம்மாவைத் தின்று தீர்த்த நோயை இந்தத் துளி வாசலிலேயே நிறுத்திவிடுமா? நம் அம்மாவை ஒருநாளும் பார்த்திராத யாரோ, எங்கேயோ உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் கும்பிட்டேன். பக்கத்தில் நின்ற டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நம் வாயாடியின் முறை வந்தது. குத்தி எடுத்ததும், "இவ்வளவுதானா பெரியம்மா?" என்று கேட்டாள். இவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு உன் அத்தான் தேம்பித் தேம்பி அழுதார். பிள்ளைகள் எல்லாரும் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பள்ளிக்கூட ஊசிக்கு நமக்கெல்லாம் வயசு கடந்துவிட்டது. நமக்குப் பரிசோதனைதான் வழி என்றார் நர்ஸம்மா. நான் அன்றே செய்துகொண்டேன். நீயும் போ. வெட்கம் பார்க்காதே, வேலை வீட்டில் லீவு தரமாட்டார்கள் என்று சாக்குச் சொல்லாதே. போய் வந்துவிட்டேன் என்று உன் கையால் ஒரு வரி எழுதி அதே தம்பியிடம் கொடுத்துவிடு.

என் பரிசோதனையில் ஏதோ தெரிந்ததால், என்னை அடுத்த வாரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு, துணைக்கு ஆளோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். நேரத்தோடு பார்த்துவிட்டதால் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் நர்ஸம்மா. உன் மகள் தானே கூட வருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். நீ மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. அம்மாவைப்போல் நான் எதையும் ஒளிக்கவில்லை. என் துணியெல்லாம் மொட்டைமாடியில், நல்ல வெயிலில்தான் காய்கிறது.

நோய் நொடி அண்டாமல் நீயும் உன் மகளும் நூறு வயசு இருக்க வேண்டும்.

உன் அக்கா